தலையை எடுத்துவிட்ட சிரிப்பு: ஓஎம்ஆர் அலுவலகம் ஒன்றில் ஆங்கில மரபுத்தொடர் பட்ட பாடு

பின்னணி

இந்த நிகழ்வின் நடுவில் இருப்பவர், பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண். திண்டிவனம் பக்கத்தில் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர். பொறியியல் மட்டும் சென்னையில். படிக்கும் ஆங்கிலம் எல்லாம் புரியும். வேலை சம்பந்தமாகப் பேசினால் கோர்வையாகப் பேசுவார். அழைப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் திணறல். வேலைப் பேச்சு முடிந்து மழை, லீவு, வீட்டு நாய் என்று ஆரம்பித்ததும் அவர் குரல் இறங்கிவிடும்.

வாடிக்கையாளர் இங்கிலாந்துக்காரர்கள். பயணச்சீட்டு முன்பதிவுத் தளம் நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதால், லண்டனில் காலை ஒன்பது அடிக்கும்போது இங்கே மதியம் இரண்டரை. தினசரி அழைப்பு அந்த நேரத்தில். சாப்பிட்ட மயக்கத்தில் நாங்கள், முதல் காபியோடு அவர்கள்.

நான் அந்த நிறுவனத்தில் ஆங்கிலத் தொடர்புப் பயிற்சி தருபவள். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களை மட்டும் அவர் சொன்னபடியே, எழுதியபடியே வைத்திருக்கிறேன்.

முதல் சம்பவம்: நவம்பர்

கிறிஸ்துமஸ் நெரிசலுக்கு முன்னால் ஒரு புதிய பக்கம் வெளியாக வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று சொல்ல வேண்டிய நாளில் அணித் தலைவரான லீட் விடுப்பு. சொல்லும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. சொன்னார். அந்தப் பக்கத்து மேலாளர் தட்டையான குரலில், "யூ ஆர் ஹேவிங் எ லாஃப்" என்றார்.

இவர் காதில் விழுந்தது 'லாஃப்' மட்டும். சிரிப்பு என்றால் சந்தோஷம்தானே? "யெஸ், தேங்க் யூ, வி ஆர் ஆல் வெரி ஹேப்பி ஹியர்" என்று பதில் சொல்லிவிட்டார். மறுமுனையில் சத்தமே இல்லை. இங்கே ஒருவர் மியூட்டை அழுத்த, அறையே கொல்லென்று சிரித்தது. அவருக்கு எதற்கென்று விளங்கவில்லை. எல்லோரும் சிரிப்பதால் அவரும் சிரித்து வைத்தார்.

அது பிரிட்டிஷ் பேச்சுவழக்கு. எதிராளி சொல்வது நம்பும்படி இல்லை என்ற எரிச்சலில் வருவது. அகராதியில் தேடினால் 'நகைச்சுவையாகப் பேசுதல்' என்ற அளவில் பொருள் கிடைக்கும், குரல் கிடைக்காது. நம் ஊர்க் குரலில் அது "என்ன, காமெடி பண்றீங்களா?". பல்லாவரத்திலிருந்து பெருங்குடிக்கு ஆட்டோ கேட்டு, டிரைவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் நம் வாயில் என்ன வருமோ அதுதான்.

பட்டியல்

மறுநாள் அவர் என்னிடம் வரவில்லை. வெட்கம். பயிற்சிக் கோப்புகளில் துழாவி, 'சிரிப்பு தொடர்பான நாற்பது மரபுத்தொடர்கள்' என்ற பிடிஎஃப் ஒன்றை எடுத்து, தாம்பரம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தார். பொங்கலுக்குள் நாற்பதும் அத்துப்படி.

இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எழுத்துரு கூட மாறவில்லை. ஐந்து வருடம் முன்பு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு மதியத்தில் நான் தயாரித்ததுதான் அது. இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள். வலது பக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே பொருள்தான்: 'மிகவும் சிரித்தல்'.

இரண்டாவது சம்பவம்: ஜனவரி மின்னஞ்சல்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம். புதிய பக்கத்தில் இருந்த பிழைகளைப் பட்டியல் போட்டு மேலாளர் ஒரு நீண்ட கடிதம் அனுப்பியிருந்தார். கறாரான கடிதம்தான். ஆனால் கடைசி வரியில் ஒரு வேடிக்கை: எழுபது வயதான தன் அம்மாவுக்கு இந்தப் பக்கம் குழந்தைக் கட்டணம் காட்டுகிறது, அம்மாவுக்கு ஒரே பெருமை, இந்த ஒரு பிழையை மட்டும் திருத்த வேண்டாம் என்று அவர் சொல்லச் சொன்னார்.

படித்துவிட்டு அணி முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்பு. இதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பே இல்லை. எழுதிய வாக்கியம் இது: "வி ஆல் லாஃப்டு ஆஃப் யுவர் ஃபீட்பேக்."

அவர் சொல்ல நினைத்தது, 'உங்கள் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தோம்'. அங்கே போய்ச் சேர்ந்தது, 'நீங்கள் சொன்ன குறைகளை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, சிரித்து ஒதுக்கிவிட்டோம்'. அரை மணி நேரத்தில் இரண்டே வரியில் பதில் வந்தது. அதன் நகல், இவர் பெயரையே கேள்விப்பட்டிராத மூன்று மேலதிகாரிகளுக்கும் போயிருந்தது. மாலையில் லீட் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு விளக்கினார். மேலாளர் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு இவர் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்று முடிவாயிற்று. அப்போதுதான் விஷயம் என் மேசைக்கு வந்தது.

நான் முதலில் கேட்டது, இந்த வாக்கியம் எப்படி உருவாயிற்று என்றுதான். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"லிஸ்ட்ல 'லாஃப் யுவர் ஹெட் ஆஃப்'னு இருந்துச்சு மேம். கஸ்டமருக்குப் போற மெயில்ல தலை கிலைன்னு எழுதினா மரியாதையா இருக்காதுன்னு தோணுச்சு. அதான் தலையை எடுத்துட்டேன்."

அலட்சியத்தில் வந்த பிழை இல்லை இது. மரியாதை பார்த்துப் பார்த்துச் செய்த பிழை. தலையை எடுத்ததும் மிஞ்சியது 'லாஃப் ஆஃப்'. ஆங்கிலத்தில் அது தனியாக உயிரோடு இருக்கும் இன்னொரு தொடர். பொருள் நேர் எதிர்த் திசை. என் பட்டியலில் அது அடுத்த வரியிலேயே இருந்தது. ஏழாவது வரி ஒன்று, எட்டாவது வரி மற்றொன்று.

நான் எடுத்த முதல் முடிவு

ஒரு மாதத்துக்கு மரபுத்தொடரே வேண்டாம் என்று சொன்னேன். நேரடியான சொற்களில் எழுதுங்கள், பேசுங்கள் போதும். காரணம் இருந்தது. வாடிக்கையாளர் கைநழுவிவிடுவார் என்ற பயத்தில் இருந்த லீடுக்கு உடனடியாக ஓர் உத்தரவாதம் வேண்டியிருந்தது. வேலைக் கடிதத்தில் மரபுத்தொடர் இல்லாததால் யாரும் நொந்துகொண்டதில்லை என்பதும் என் எண்ணம்.

கடிதங்கள் சரியாயின. பேச்சு செத்துப்போனது. எது மரபுத்தொடர், எது சாதாரணச் சொல் என்று பிரிக்கத் தெரியாமல், எல்லாவற்றிலும் கண்ணிவெடி இருப்பதாக நினைத்து வாயை மூடிக்கொண்டார். அரட்டைப் பெட்டியில் எது வந்தாலும், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தார். (2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாக அந்த முகத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்தே இல்லாத சொல். அவருக்கு அதுதான் தோது.) ஒரு நாள் மேலாளர், இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக சர்வர் படுத்துவிட்டது, அழுவதா சிரிப்பதா தெரியவில்லை என்று எழுத, இவர் அதே முகத்தைப் போட, தற்செயலாக அது பொருந்திப்போனது. மற்ற நாட்களில் பொருந்தவில்லை. பிப்ரவரி நடுவில் வாடிக்கையாளர் பக்கமிருந்து, அவருக்கு எங்கள் மேல் ஏதாவது வருத்தமா என்று லீடிடம் கேட்டார்கள்.

என் முடிவு தவறிவிட்டது என்று அன்று ஒப்புக்கொண்டேன். தொடரைத் தப்பாகச் சொன்னது இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை, நவம்பரில் அவருக்குச் சொல்லப்பட்டது புரியாமல் போனது. வாயைக் கட்டினால் காது எப்படித் திறக்கும்?

கோளாறு எங்கே

பிப்ரவரியில் மூன்று முறை கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். வகுப்பறையில் பேசாதவர் டீ கிளாஸைக் கையில் பிடித்ததும் நன்றாகப் பேசினார். அங்கே பிடிபட்டவற்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை இவர் ஒருவருடைய கோளாறு இல்லை.

தமிழில் 'சிரி' என்ற ஒரே வினை இரண்டு வேலை செய்கிறது. உதடு மட்டும் விரிவதும் சிரிப்பு, வயிறு குலுங்குவதும் சிரிப்பு. புன்னகை என்ற சொல் எழுத்தில் இருக்கிறது. "லிஃப்ட்ல மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்" என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்வதில்லை. "என்னைப் பார்த்துச் சிரிச்சார்" என்போம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் "ஹி லாஃப்டு அட் மி". கேட்கிற ஆங்கிலேயர், மேனேஜர் அவரை ஏளனம் செய்தார் என்று எடுத்துக்கொள்வார். இந்த ஒரு வாக்கியத்தைப் பயிற்சி அறையில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். இலக்கணப் பிழை என்று திருத்தியிருக்கிறேன். பழி மாறிப்போகும் பிழை என்று ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்தது, காதில் ஏற்கெனவே குடியிருக்கும் ஒலிகள். யாராவது நம்மைச் சிரிக்கவைத்தால் ஆங்கிலத்தில் "யூ கிராக் மீ அப்" என்பது வெகு சாதாரணம். இவர் அதைத் தொடவே மாட்டேன் என்றார். "கிராக்குன்னா நம்ம ஊர்ல வேற மேம்." உண்மைதான். சென்னையில் கிராக்கு என்றால் மண்டை கழன்றவன். அல்லது குரூப் ஒன் தேர்வை 'கிராக்' பண்ணினவன். இரண்டுக்கும் நடுவில் சிரிப்புக்கு எங்கே இடம்? 'இன் ஸ்டிச்சஸ்' என்ற தொடரைக் கேட்டபோது அவருக்கு ஆஸ்பத்திரித் தையல்தான் ஞாபகம் வந்தது. அந்த 'ஸ்டிச்' ஓடும்போது விலாவில் சுருக்கென்று குத்துமே, அந்த வலி. பன்னிரண்டாம் இரவு நாடகத்தில் ஷேக்ஸ்பியர் இதை எழுதி நானூறு வருடத்துக்கு மேலாகிறது. நாமும் 'விலா நோகச் சிரித்தான்' என்றுதான் சொல்கிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. "அப்ப இது நம்மளுதுதான்!"

அந்த முகம்தான் எனக்கு வழி காட்டியது. அவரிடம் சிரிப்பைப் பற்றிய நுண்ணறிவு ஏராளமாக இருந்தது, எல்லாம் தமிழில். சிரிச்சு மழுப்பினான், நமட்டுச் சிரிப்பு சிரித்தான், பல்லை இளித்தான், ஊரே சிரிக்கும்: ஒவ்வொன்றிலும் யார் யாரைப் பார்த்து எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு யோசிக்காமலே தெரியும். "அவன் பொழப்பு சிரிப்பாச் சிரிக்குது" என்றால் அங்கே ஒருவரும் மகிழ்ச்சியாக இல்லை என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடம் நான்கு என்று சொல்லும்போது முதலில் வைப்பது எள்ளலை. அதற்குப் பிறகே இளமை, பேதைமை, மடன். சிரிப்பு என்றதும் எள்ளலாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்படு என்பதாக நான் அதை வாசிக்கிறேன். தமிழில் அந்தச் சந்தேகம் அவருக்குத் தானாக வரும். ஆங்கிலத்தில் 'லாஃப்' என்று கேட்டதும் அணைந்துவிடும். அணைத்தது என் பட்டியலின் வலது பக்கம்.

மரபுத்தொடரில் ஒரு சொல்லைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதையும் தமிழிலேயே காட்டினேன். "'விழுந்து விழுந்து சிரிச்சேன்'ங்கிறதுல ஒரு விழுந்தை எடுத்துட்டுச் சொல்லுங்க."

"விழுந்து சிரிச்சேன்." சற்று யோசித்தார். "ஐயையோ, மாடிப்படியில விழுந்த மாதிரி இருக்கு மேம்."

தலையை ஏன் எடுக்கக் கூடாது என்று அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது முடிவு: நோட்டு

மார்ச் முதல் வாரத்தில், லீடின் சம்மதத்தோடு, புதிய ஏற்பாடு. நாற்பது வரிப் பட்டியலை ஓரம் கட்டினோம். ஒரு சின்ன நோட்டு. அழைப்பிலோ அரட்டையிலோ அந்தப் பக்கத்தினர் சிரிப்பைப் பற்றி எது சொன்னாலும் சொன்னபடியே எழுத வேண்டும். பக்கத்தில், யார் சொன்னது, யாரிடம், அப்போது யாராவது உண்மையில் சிரித்தார்களா, நம் ஊரில் அந்த இடத்தில் என்ன சொல்வோம். பொருள் எழுதக் கூடாது. ஒரே தொடரை மூன்று தடவை, ஒருவருக்கு மேற்பட்டவர் வாயில் கேட்ட பிறகே தன் வாயில் எடுக்கலாம். மூன்று என்பதற்குச் சாஸ்திரம் எதுவும் கிடையாது. ஒன்று தற்செயல், ஐந்துக்குக் காத்திருந்தால் வருடம் ஓடிவிடும்.

சந்தேகம் வந்தால், கற்பவர்களுக்கான பெரிய அகராதிகள் இணையத்தில் இருக்கின்றன. பொருளுக்கு முன்னால் பேச்சுவழக்கு, பிரிட்டிஷ் வழக்கு என்று போட்டிருக்கும் குறிப்பையும், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் முதலில் பார்க்கச் சொன்னேன். 'பேரல் ஆஃப் லாஃப்ஸ்' என்பதை அவர் அப்படித்தான் பிடித்தார். பீப்பாய் பீப்பாயாகச் சிரிப்பு என்று படித்து, மேலாளரைப் பாராட்ட வைத்திருந்த தொடர். அது பெரும்பாலும் குத்தலாக, எதிர்மறையில்தான் வரும்: ஆள் அப்படியொன்றும் கலகலப்பானவர் இல்லை என்று சொல்ல. அதேபோல 'லாஃபிங் ஆல் தி வே டு தி பேங்க்'. காலாண்டு லாபம் அறிவித்தவருக்கு வாழ்த்தாக அனுப்ப நினைத்திருந்தார். சுலபமாகப் பணம் பார்த்துவிட்டாய் என்ற பொருமல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல வேளை, அனுப்பவில்லை.

என்ன நடந்தது

நோட்டு நிரம்பவே இல்லை. ஆறு வாரத்தில் இரண்டரைப் பக்கம். என் நாற்பதில் முப்பதுக்கு மேல் ஒருமுறைகூட யார் வாயிலும் வரவில்லை. திரும்பத் திரும்ப வந்தது மரபுத்தொடர் என்று நான் மதிக்கவே மதிக்காத ஒன்று: "தட் மேட் மீ லாஃப்". அடுத்து "வி ஹேட் எ குட் லாஃப் அபவுட் இட்". மூன்றாவதாக, "ஐ குடன்ட் கீப் எ ஸ்ட்ரெயிட் ஃபேஸ்". இதற்கு அவர் எழுதிவைத்த தமிழ்: சிரிப்பை அடக்கவே முடியல.

மூன்றையும் பயன்படுத்திப் பார்க்க ஒரு கதை சொல்லச் சொன்னேன். சித்தி கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு எழுந்தபோது வேட்டி நாற்காலியில் மாட்டிக்கொண்ட கதை. முதல் முறை ஆங்கிலத்தில் சொன்னபோது ஐந்து தொடர்களை அடுக்கினார். யார் சிரித்தார்கள், நாதஸ்வரக்காரரா ஐயரா மாப்பிள்ளையா என்றே தெரியவில்லை. இரண்டாவது முறை தொடரே இல்லாமல், வேட்டியை மட்டும் சொன்னார். கதை நின்றது. மூன்றாவது முறை, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தன்னால் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று கடைசியில் அந்த ஒரே தொடரை வைத்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். அழைப்பு ஒன்றரை மணிக்கு மாறியது. அணியில் பாதிப் பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அந்த வாரம் ஒரு நாள் அழைப்பின் கடைசியில் மேலாளர், அம்மாவுக்கு இப்போது சரியான கட்டணம் காட்டுகிறது, எங்கள் மேல் கடும் கோபத்தில் இருக்கிறார் என்றார். இவர் சிரித்துவிட்டு, "தட் மேட் மீ லாஃப். ப்ளீஸ் டெல் ஹெர் வி ஆர் சாரி" என்றார். அவரும் சிரித்தார். ஜனவரிக் கடிதத்தைப் பற்றி இரு பக்கமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. கேலியாகப் பேசுகிறார்களா, நிஜமாகவா என்று இன்னும் பாதி நேரம் அவருக்குப் பிடிபடுவதில்லை. அவர்கள் முகத்தில் எதுவும் காட்டாமல் பேசுவது ஒரு காரணம். கேமராவை அணைத்துவைப்பது இன்னொன்று.

இனி மாற்றப்போவது

அந்த பிடிஎஃபைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் மாதம் பட்டியல் எதுவும் கிடையாது, நோட்டு மட்டும்தான். ஒரு மாதத் தடை என்ற யோசனையை இனி எந்த லீட் கேட்டாலும் சம்மதிக்க மாட்டேன். முக்கியமான கடிதத்தை இன்னொருவர் பார்த்துத் தரலாம். பேச்சுக்குத் தடை போடக் கூடாது. ஆள் அசடு வழிந்த மறுநாள் நானே தேடிப்போக வேண்டும் என்பதும் இதில் சேரும். நவம்பரில் அந்த அறையில் இருந்த யாரோ ஒருவர் எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால், அவர் பட்டியலைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

ஏப்ரல் கடைசியில் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஏற்கெனவே கேட்டதையும் ஞாபகத்திலிருந்து எழுதிவைத்திருக்கிறார். முதல் பக்கத்தில், முதல் வரியில், "யூ ஆர் ஹேவிங் எ லாஃப்". யார் சொன்னது: மேலாளர். யாரிடம்: என்னிடம். யாராவது சிரித்தார்களா: அவர் இல்லை, நாங்கள். நம் ஊரில்: காமெடி பண்றீங்களா. அதற்கும் கீழே வேறு மையில், பின்னால் சேர்த்தது: "புரியும். கஸ்டமர்கிட்ட சொல்ல மாட்டேன். லீட் சனிக்கிழமை வரச் சொன்னா சொல்லுவேன்."